ஆடக் கூடாது என்று கட்டிய கயிறு

எனக்குத் தண்ணீரைக் கண்டால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே கல்யாணம் கட்டி, ஐம்பத்து நான்கு வயது வரை ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து மட்டும் பார்த்தவள் நான். அதுவும் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான். என் கணவரோ துறைமுகத்தில் இழுவைப் படகில் முப்பது வருடம் வேலை செய்தவர். எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஐயர் அன்றைக்கு எதைப் பார்த்தாரோ, தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறுவருடம் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம் டயலிசிஸ். கையில் இரண்டு ஊசியைக் குத்தி, உடம்பின் ரத்தத்தை எல்லாம் வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப உள்ளே விடுகிறார்கள். இந்த நிலைமையில் மனிதர் வீட்டில் அடங்கி இருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரோ ஒரு பழைய மரப் படகை வாங்கி வந்தார். ஒரு காலத்தில் தீவுக்கு ஆள் ஏற்றிப் போன படகு அது. இயந்திரம் செத்துப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். ஆட்களைத் தூங்க வைக்கப் போகிறேன் என்றார்.

நிஜமாகவே தூங்க வைத்தார். துறைமுகத்தைத் தாண்டி ஆறு கடலோடு சேருகிற பக்கத்தில் படகுகளைக் கட்டி நிறுத்தும் ஒரு பழைய சிமெண்ட் ஜெட்டி இருக்கிறது. படகை அதில் கட்டி, உள்ளே கட்டில், ஏர்கண்டிஷன், சின்ன ஃபிரிட்ஜ், குளியலறை எல்லாம் வைத்தார். ஆற்றுப் பக்கம் கட்டிலை ஒட்டினாற்போல் பெரிய கண்ணாடி ஜன்னல். ஜெட்டிப் பக்கம் இழுத்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு. முன்பக்கம், ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு வைத்த பழைய கண்ணாடி அப்படியே இருந்தது. கோலாலம்பூரிலிருந்தும் பெட்டாலிங் ஜெயாவிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஓர் இரவு தங்குவார்கள், நண்டு சாப்பிடுவார்கள், சதுப்புக் காட்டின் மேல் கழுகு வட்டமிடுவதைப் படம் எடுப்பார்கள், மறுநாள் போய்விடுவார்கள். சொந்த வீட்டில் நல்ல மெத்தை இருக்கும்போது சேற்று வாடையில் வந்து படுப்பதற்கு இவ்வளவு பேர் இருக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியம்.

என் வேலை போனும் துணியும். வருகிறவர்களோடு மெசேஜில் பேசுவது, விரிப்பு மாற்றுவது, கூட்டித் துடைப்பது, சாவி கொடுப்பது. தண்ணீர் நன்றாக ஏறி, படகும் ஜெட்டியும் ஒரே மட்டத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து உள்ளே போவேன். ஒரு கையில் துடைப்பம், இன்னொரு கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள்கூட அதில் படுத்ததில்லை.

கயிறு மட்டும் அவர் வேலை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, மொத்தம் நான்கு கயிறு. "நீ துணியப் பாத்துக்கோ. கயித்துல கை வைக்காதே," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். காரணத்தையும் சொல்லியிருப்பார். நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். எங்கள் பக்கம் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஆள் உயரத்துக்கும் மேலே ஏறி இறங்கும். ஜெட்டி சிமெண்ட் கால்களில் நிற்கிறது, அது அசையாது. படகு மட்டும் தண்ணீரோடு ஏறி, தண்ணீரோடு இறங்கும். அதனால் கயிறு நீளமாக, தொளதொளவென்று கிடக்க வேண்டும். இன்று இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று எனக்குத் தெரிந்தது, பாசி பிடித்த கயிறு தண்ணீரில் தொங்கிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

எனக்கு எதுவும் தளர்வாக இருக்கக் கூடாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் கோப்புகளைக் கட்டி அடுக்கிய கை இது. நான் கட்டிக்கொடுத்த கறிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கத்திரிக்கோல் வேண்டும் என்று என் தங்கச்சி கிண்டல் செய்வாள். அந்தக் கிண்டலைப் பெருமையாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

அது ஒரு சனிக்கிழமை. அமாவாசைக்கு நான்கு நாள் இருந்தது. அவருக்கு அன்று மூன்றரை மணிக்கு டயலிசிஸ். காலையிலேயே ஜெட்டிக்கு வந்து கயிறுகளைப் பார்த்து, அவர் வழக்கப்படி விட்டுக் கட்டிவிட்டுப் போய்விட்டார். இரண்டு மணிக்கு அம்பாங்கிலிருந்து ஒரு இளம் ஜோடி வந்தது. தமிழ்ப் பிள்ளைகள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். குழந்தை பிறந்துவிட்டால் எங்கேயும் போக முடியாது, அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி வெளியே தங்கலாம் என்று வந்ததாகச் சொன்னாள். முதல் பிள்ளை. நான்கு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை என்று அதையும் சொன்னாள். வந்த பத்து நிமிடத்தில் இத்தனையையும் சொல்கிற வெள்ளை மனசு.

தீவுக்குப் போகும் வேகப் படகுகள் அந்த நேரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போன பிறகு அலை வந்து எங்கள் படகைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஆட்டிவிட்டுப் போகும். மூன்றாவது தடவை ஆடியதும் அந்தப் பெண் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். முகம் வெளுத்துவிட்டது. குளியலறைக்கு ஓடினாள். வாந்தி.

திரும்பி வந்து, "ஆன்டி, இது ஆடாம இருக்குமா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போங்கள் அம்மா, இன்னொரு நாள் வரலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. படகு ஆடினால் வயிறு எப்படிப் புரளும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தண்ணீர்ப் பயம் உள்ள ஒருத்தி இன்னொருத்திக்குச் செய்த உபகாரம் அது. வெளியே வந்து அவள் கணவனைக் கூப்பிட்டேன். நான்கு கயிற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். அவன் தொய்வை எல்லாம் இழுத்துப் பிடிக்க, ஜெட்டியின் இரும்புக் கட்டையில் எட்டுப் போட்டுச் சுற்றி, என் பலம் முழுவதையும் கொடுத்து முடிச்சுப் போட்டேன். படகு ஜெட்டி ஓரத்து டயர்களோடு ஒட்டிக்கொண்டது. அடுத்த வேகப் படகு போனது. அலை வந்தது. எங்கள் படகு அசையவே இல்லை.

சூப்பர் ஆன்டி என்றான் அவன். உள்ளே அவள் சிரித்தாள். மணி இரண்டரை. தண்ணீர் விளிம்பு வரை நிறைந்து நின்றது. அந்த நிறைவைப் பார்த்து ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்கு என்னைப் பற்றிப் பெருமைதான் தோன்றியது.

அங்கிருந்து நேராகக் கொமுட்டர் ரயில் பிடித்துக் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் போனேன். தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கையை வாங்க வேண்டும். ஒரு கையை லேசாகப் பிரித்துத் தைக்கச் சொல்லி, தையல்காரர் கடையில் உட்கார்ந்திருந்தேன். கீழே பூக்கடையில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணி சுமாருக்கு அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. ஆன்டி, கட்டில் கொஞ்சம் செங்கெட்டா இருக்கு, நார்மலா என்று கேட்டிருந்தாள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதாம்.

வருகிறவர்கள் எல்லாரும் எதற்காவது நார்மலா என்று கேட்பார்கள். தண்ணீர் தட்டுகிற சத்தம் நார்மலா, சேற்று நாற்றம் நார்மலா, கூரையில் பறவை நடப்பது நார்மலா. எனக்கு விரல் பழகிப்போயிருந்தது. நார்மல்தான் அம்மா, படகு அப்படித்தான் என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டு அனுப்பினேன். பிறகு ரவிக்கையை வாங்கிக்கொண்டு ஐந்து இருபது ரயிலில் ஏறினேன்.

பெண்களுக்கான பெட்டியில் உட்கார இடம் கிடைத்தது. பெட்டாலிங் தாண்டும்போது அடுத்த மெசேஜ். இந்தத் தடவை படம். அவர்கள் கொண்டு வந்த ஆரஞ்சுப் பழங்கள் எல்லாம் தரையில் உருண்டு போய் ஆற்றுப் பக்கச் சுவரில் ஒட்டிக் கிடந்தன. படத்தின் ஓரத்தில் கதவுக் கண்ணாடி. அதில் என் கயிறு தெரிந்தது. மதியம் நான் விட்டு வந்தபோது இருந்த மாதிரி இல்லை. ஜெட்டிக்கும் படகுக்கும் நடுவில் இரும்புக் கம்பி வைத்தது போல் விறைத்து, மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஜெட்டி எப்படி மேலே போனது என்றுதான் முதலில் யோசித்தேன். ஜெட்டி மேலே போகவில்லை, தண்ணீர் கீழே போயிருக்கிறது என்று பிறகுதான் புரிந்தது.

படகு இறங்கப் பார்க்கிறது. என் கயிறு விடவில்லை. ஜெட்டிப் பக்கம் தொங்குகிறது, ஆற்றுப் பக்கம் சாய்கிறது. உள்ளே ஏழு மாதக் கர்ப்பிணி.

கணவருக்குப் போன் போட்டேன். ஊசி குத்தாத கையால் எடுத்தார். படகு சாய்ந்திருப்பதாக அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றேன். அவர் பதறவில்லை. "கயிறு காலையில நான் கட்டினபடிதானே இருக்கு? யாரும் தொடலையே?" என்று கேட்டார்.

"இல்ல. யாரும் தொடல."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டுவிட்டேன். டயலிசிஸ் நடக்கும்போது அவருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும், அதனால் மறைத்தேன் என்று தங்கச்சியிடம் பிறகு சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் திட்டுவாரே என்ற பயம். அடித்த மனிதர் இல்லை அவர். ஆனால் திட்ட ஆரம்பித்தால் உப்பில் தொடங்கி முப்பது வருடத்துக்கு முன்னால் நான் தொலைத்த குடை வரைக்கும் போவார். அந்தத் திட்டுக்குப் பயந்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

நான் சொன்னதை அவர் நம்பினார். கயிறு தொளதொளவென்று இருக்கிறது, ஆனாலும் படகு சாய்கிறது என்றால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான். "அப்ப சேத்துல உக்காந்திருக்கும். ஒன்னும் ஆகாது. உள்ளேயே இருக்கச் சொல்லு, வெளிய வந்து அந்தப் பொண்ணு வழுக்கி விழுந்துடப் போவுது," என்றார்.

நான் அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். அங்கிள் சொல்லிவிட்டார், பயம் ஒன்றும் இல்லை, உள்ளேயே உட்காருங்கள் என்று. சேறு இல்லை, கயிறுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். என் வாழ்நாளில் நான் செய்த பாவங்களை எண்ணினால் இதுதான் முதலில் நிற்கும். ஒருவேளை அவர் சொல்வதே சரியாக இருக்கலாம் என்று அடுத்த இரண்டு மூன்று ஸ்டேஷன் வரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டு வந்தேன். ரவிக்கைப் பையை மடியில் வைத்து அதன் வாயைச் சுருட்டிச் சுருட்டிப் பிடித்தேன்.

சுபாங் ஜெயாவில் கூட்டம் ஏறியது. ரயில் கிளம்பியதும் போன் அடித்தது. அந்தப் பையன். குரல் மாறிப்போயிருந்தது. கதவு திறக்க மாட்டேன் என்கிறது, சட்டம் கோணிக்கொண்டுவிட்டது என்றான். ஃபிரிட்ஜ் தரையில் சறுக்கி வந்து கட்டிலில் இடித்துவிட்டதாம். எங்கேயோ மரம் முறிகிற மாதிரி சத்தம் கேட்கிறதாம். அவளுக்கு வயிறு கல்லு மாதிரி ஆகி ஆகி இளகுகிறது என்றான். அவள் பின்னால் ஏதோ சொல்வது கேட்டது. அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆன்டி, பாத்ரூம் ஜன்னல் வழியா கை விட்டா பின்னால கயிறு எட்டுது. கத்தி இருக்கு. வெட்டிடவா?"

எனக்கு என்ன தெரியும்? வெட்டினால் நல்லதா, கெட்டதா? கோப்பு கட்டத் தெரிந்தவளுக்குக் கயிறு வெட்டத் தெரியுமா? இரண்டு நிமிடம் பொறு அப்பா, அங்கிளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். கணவரின் எண்ணை இரண்டு தடவை தவறாக அழுத்தினேன். ஷா ஆலம் ஸ்டேஷன் வந்து கதவு திறந்தது. இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாமா என்று ஒரு நொடி நிஜமாகவே நினைத்தேன். கதவு மூடிக்கொண்டது. அவர் போனை எடுத்தார்.

"என்னங்க, நான் பொய் சொல்லிட்டேன். கயித்த நான்தான் இறுக்கிக் கட்டினேன். நாலையும்."

"எத்தன மணிக்கு?"

"ரெண்டரைக்கு. தண்ணி நெறஞ்சு இருந்துச்சு."

அவர் மூச்சை இழுத்து விட்டார். பிறகு பேசியது என் கணவர் இல்லை. இழுவைப் படகில் ஆட்களை வேலை வாங்கிய யாரோ ஒருவர். "கேட்டுக்கோ. தண்ணி இன்னும் ரெண்டு மணி நேரம் எறங்கும். அதுவரைக்கும் தாங்காது. இப்பவே ரெண்டு பேரையும் வெளிய எடுக்கணும். கயித்த வெட்டக் கூடாது, ஒன்ன வெட்டினா மீதி மூணும் ஒடனே பிடுங்கிக்கும். கயிறு பக்கத்துல யாரும் நிக்கக் கூடாது. முன்பக்கக் கண்ணாடிக்குப் போகச் சொல்லு. நான் பாச்சிக்குக்கு அடிக்கிறேன்."

பாச்சிக் என்பது ஜெட்டியைக் காவல் காக்கும் பெரியவர். மலாய்க்காரர், எங்கள் இருவரையும்விட மூத்தவர். என் கணவர் சொல்லி முடிப்பதற்குள் இயந்திரம் கீ கீ என்று அலற ஆரம்பித்தது. கையை அசைக்காதீங்க அங்கிள் என்று ஒரு நர்ஸ் கத்துவது கேட்டது. போன் அறுந்தது.

அந்தப் பையனைக் கூப்பிட்டேன். வெட்டாதே என்றேன். கட்டிலை விட்டு வாருங்கள், ஆற்றுப் பக்க ஜன்னலை விட்டுத் தள்ளி வாருங்கள், முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழே தரையில் உட்காருங்கள், ஆள் வருகிறது என்றேன். உள்ளேயே இருக்கச் சொன்னீர்களே ஆன்டி என்று கேட்டான். உடனே போனை வைத்துவிட்டான்.

அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை, கணவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரயில் நின்று, கதவு திறந்து, ஒருவர் இருவர் இறங்கி, சாவகாசமாகக் கதவு மூடியது. கிள்ளான் வந்தது. எங்கள் வீடு இருக்கும் பக்கம். அதையும் தாண்டிப் போனது. எந்தச் சாமியையும் முழுசாகக் கூப்பிட வரவில்லை. முருகா என்று தொடங்கினால் அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண் முன்னால் வந்து நின்றது. இந்த ஆறு வேறு அடிக்கடி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் அதன் கரையில் சேறு கூடுதலாகத் தெரிந்த மாதிரி இருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அன்று கண்ணில் பட்டதெல்லாம் தண்ணீர் வற்றிய அளவாகவே இருந்தது. பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் என்னவென்று கேட்காமல் ஒரு தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்தாள். குடிக்கப் போய்ப் புடவையெல்லாம் கொட்டிக்கொண்டேன்.

கடைசி ஸ்டேஷனில் இறங்கி, கார் பிடித்து, ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறே முக்கால் இருக்கும். நல்ல வெளிச்சம். கேட்டிலிருந்தே கூட்டம் தெரிந்தது. கூட்டம் என்றால் நான்கைந்து பேர். நான் ஓடினேன். ஐந்து வருடமாக நான் ஓடியதில்லை.

அவள் ஒரு மீன் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள். தோளில் பாச்சிக்கின் சாரோங். காலில் கண்ணாடி கீறிய இரண்டு கோடு. பக்கத்தில் அவள் கணவன் முழங்கையில் துண்டைச் சுற்றிப் பிடித்தபடி நின்றான். பாச்சிக்கும் இரண்டு சீன மீனவர்களும் முன்பக்கக் கண்ணாடியை உடைத்து, ஏணியைச் சாய்த்து, இருவரையும் தூக்கி எடுத்திருந்தார்கள். கடைசியில் அவளை முதுகில் தாங்கியே கொண்டு வந்தார்களாம். வெளியே வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.

அப்போதுதான் படகைப் பார்த்தேன். கசாப்புக் கடையில் கொக்கியில் மாட்டிய ஆடு மாதிரி ஜெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்து அடிவயிறு பாசியோடு வெளியே தெரிந்தது. மறுபக்கம் ஆற்றுக்குள் குனிந்திருந்தது. நான்கு கயிறும் அப்படியே இருந்தன. என் முடிச்சில் ஒன்றுகூட நெகிழவில்லை.

பாச்சிக் எல்லாரையும் பின்னால் தள்ளினார். நான் அவள் பக்கத்தில் போய் நின்ற நேரம், துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். படகில் கயிறு மாட்டியிருந்த இரும்புக் கொம்பு பலகையோடு பிடுங்கிக்கொண்டு பறந்து, காவல் கொட்டகைத் தகரத்தில் போய் அடித்தது. உடனே அடுத்தது. படகு முன்பக்கமாக விழுந்து, ஆற்றுப் பக்கம் புரண்டது. கட்டிலை ஒட்டிய அந்தப் பெரிய ஜன்னல் முழுவதும் தண்ணீருக்குள் போனது. கண்ணாடி உடைகிற சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. பிறகு படகு மெல்ல நிமிர்ந்து, பாதி வயிறு தண்ணீரோடு ஆடிக்கொண்டு நின்றது. மெத்தை ஜன்னல் வழியாக வெளியே வந்து மிதந்து போனது.

அந்தப் பெண் மெத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நானும் பார்த்தேன். அங்கிள் சொல்லிவிட்டார், உள்ளேயே உட்காருங்கள் என்று நான் சொன்ன நேரத்தில் அவள் அந்த மெத்தையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கயிற்றை இறுக்கியது தப்பு என்று, அவரிடம் பொய் சொன்னேன் என்று, சேறு இல்லை என்று தெரிந்தே உள்ளே இருக்கச் சொன்னேன் என்று. அவள் கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் கேட்டேன்னுதானே ஆன்டி கட்டுனீங்க," என்றாள்.

செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார்கள். நானும் பின்னாலேயே போய் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தேன். குழந்தையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறது, இன்று இங்கேயே வைத்துப் பார்க்கிறோம் என்று ஒரு டாக்டர் வந்து சொல்லும் வரை நான் அந்த நாற்காலியின் கையை விடவில்லை. மறுநாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு படம் வந்தது. பெண் குழந்தை. தலை நிறைய முடி. படத்தை அனுப்பியது அவள்தான். அவன் இன்றுவரை என்னோடு பேசவில்லை, அதில் எனக்கு வருத்தம் சொல்ல உரிமை இல்லை.

என் கணவருக்கு அன்று ரத்த அழுத்தம் ஏறி, டயலிசிஸை முக்கால் மணி நேரம் முன்னதாகவே நிறுத்திவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. கையில் கட்டோடு சோபாவில் சாய்ந்திருந்தார். அந்தப் பொண்ணு எப்படி இருக்கு என்று கேட்டார். சொன்னேன். சாப்பிட்டியா என்றார். அவ்வளவுதான்.

நான் காத்திருந்தேன். அன்று திட்டவில்லை. மறுநாள் திட்டவில்லை. பாச்சிக்கோடு சேர்ந்து படகைச் சேற்றிலிருந்து எடுத்து, உடைந்த பலகையைக் கழற்றும்போதும் திட்டவில்லை. ரசத்தில் புளி அதிகம் என்று குறை சொன்னார். பாத்ரூம் விளக்கை அணைக்கவில்லை என்று முணுமுணுத்தார். கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை இல்லை. எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த மனிதர் எனக்காக என்னத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு நாளும் பயந்தேன். என்றைக்காவது ஒரு நாள் மொத்தமாக வெடிப்பார், அல்லது இனிமேல் என்னை ஒரு ஆளாகவே மதிக்க மாட்டார். இரண்டில் எது வந்தாலும் தாங்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை டயலிசிஸ் நிலையத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஊசி குத்தி, குழாய் மாட்டி, அவர் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது. நர்ஸ் அடுத்த ஆளிடம் போய்விட்டாள். இனி என்னால் முடியாது என்று தோன்றியது.

"அன்னைக்கு ஏன் என்னைத் திட்டல?" என்று கேட்டேன்.

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திட்டினா அடுத்த வாட்டி நீ சொல்ல மாட்டே," என்றார். "அடுத்த வாட்டி உள்ள இருக்கறது நானா இருக்கலாம்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், குழாயில் ஓடுகிற ரத்தத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.